எடையும் நேரமும்: டென்னசியின் கயோவா வாரியர்கள்

அமெரிக்க ராணுவத்தின் உளவு ஹெலிகாப்டரான கயோவா வாரியர் என்றாலே பேச்சு ரோட்டாருக்கு மேலே உட்கார்ந்திருக்கும் அந்த உருண்டைக் கண்ணைப் பற்றித்தான் போகும். அந்த ஹெலிகாப்டர் எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டுமானால் முதலில் பார்க்க வேண்டியது எடைக் கணக்கை. உருண்டையையும், இதை ஓட்டிய டென்னசி மாநிலத்துப் பகுதிநேரப் படையையும் பற்றிப் பிறகு பேசுவோம்.

ஓஎச்-58டி, அதாவது கயோவா வாரியர், பறக்க அனுமதிக்கப்பட்ட உச்ச எடை 5,500 பவுண்டு, அதாவது இரண்டரை டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. வெறும் ஹெலிகாப்டரே ஏறத்தாழ 3,800 பவுண்டு. மிச்சமிருக்கும் 1,700க்குள் மற்றதெல்லாம் அடங்க வேண்டும். கவச உடை, ஹெல்மெட், துப்பாக்கி, தண்ணீர் எல்லாம் சேர்த்து ஆளுக்கு 250 என்று வைத்தால் இரண்டு பேருக்கு 500 போயிற்று. எரிபொருள் தொட்டி சுமார் 400 லிட்டர். நிரப்பினால் 700 பவுண்டு. கையில் நிற்பது 500. இடப்பக்கம் ஒரு .50 காலிபர் எந்திரத் துப்பாக்கி, 80 பவுண்டு. அதற்கு 500 தோட்டா, இணைப்புகளோடு இன்னொரு 150. வலப்பக்கம் ஏழு குழல் ராக்கெட் கூடு, 35. ஒவ்வொன்றும் 23 பவுண்டாக ஏழு ராக்கெட்டுகள், 160. கூட்டிப் பாருங்கள், 425. தாங்கிகளையும் ரேடியோக்களையும் சில்லறைச் சாமான்களையும் சேர்த்தால் கணக்கு முடிந்துவிட்டது. ஹெல்ஃபயர் ஏவுகணை ஒன்று சுமார் 100 பவுண்டு. நான்கு மாட்ட வேண்டும் என்றால் மற்ற ஆயுதங்களை இறக்க வேண்டும், எரிபொருளையும் குறைக்க நேரலாம். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பது இந்த ஹெலிகாப்டருக்கு வெறும் பழமொழி அல்ல, தினசரி வேலை.

இதையும் தாளில் எழுதும் எடை என்றுதான் சொல்ல வேண்டும். உண்மையில் எவ்வளவு தூக்க முடியும் என்பதைக் காற்று முடிவு செய்யும். கந்தகார் விமானதளம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,300 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே வெயில் 40 டிகிரி என்றால், ரோட்டாருக்கும் என்ஜினுக்கும் அது ஏறத்தாழ 7,000 அடி உயரத்துக் காற்று. 650 குதிரைத்திறன் என்ஜின் அந்தத் திறனை அங்கே தராது. டர்பைன் வாயு வெப்பநிலை முதலில் எல்லையைத் தொட்டுவிடும். குளிர்ந்த நாளில் கடல் மட்டத்தில் டார்க் (ரோட்டாரைச் சுழற்றும் முறுக்குவிசை) எல்லை முந்திக்கொள்ளும், சூட்டில் வெப்ப எல்லை. விமானி இரண்டு முள்ளையும் பார்த்தபடியே கலெக்டிவை, அதாவது ஹெலிகாப்டரை மேலே தூக்கும் நெம்பை, இழுக்க வேண்டும்.

அதனால்தான் புறப்படும் முன் செயல்திறன் அட்டை ஒன்று நிரப்பப்படுகிறது. இன்றைய வெப்பம், அழுத்த உயரம், எடை ஆகியவற்றுக்கு என்ஜின் தரக்கூடிய உச்ச டார்க் எவ்வளவு, தரைக்கு அருகே காற்று தாங்கிக்கொடுக்கும் தரை விளைவுக்குள் ஹோவர் செய்ய (ஒரே இடத்தில் அந்தரத்தில் நிற்க) எவ்வளவு வேண்டும், தரை விளைவுக்கு வெளியே எவ்வளவு என்றெல்லாம் அதில் வரும். அதோடு "போ, போகாதே" என்று ஒரு டார்க் எண்ணும் இருக்கும். மூன்றடி உயரத்தில் ஹோவர் செய்து முள்ளைப் பார்க்க வேண்டும். முள் அந்த எண்ணைத் தாண்டினால் நீங்கள் நினைத்ததைவிட ஹெலிகாப்டர் கனம், அல்லது என்ஜின் சோர்ந்திருக்கிறது. இரண்டில் எதுவானாலும் இறங்கி எதையாவது குறைக்க வேண்டும். வழக்கமாக முதலில் குறைவது எரிபொருள். பகல் பார்வைப் பறப்புக்கு 20 நிமிட இருப்பு கட்டாயம். அதைக் கழித்துவிட்டால் முழுத் தொட்டியே கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம்தான். பாதித் தொட்டியோடு போனால் இலக்கின் மேல் நிற்கும் நேரம் சுருங்கிவிடும். 500 தோட்டாவை 300 ஆக்குவதா, 100 லிட்டரை விடுவதா என்ற பேரம் ஒவ்வொரு பறப்புக்கும் புதிதாக நடக்கும்.

கனம், சூடு, மெதுவான வேகம் மூன்றும் சேர்ந்தால் இன்னொரு ஆபத்து வரும்: வால் ரோட்டார் பிடி இழப்பது. இந்தச் சிக்கலை அமெரிக்க ராணுவம் முதலில் ஆராய்ந்ததே பழைய ஓஎச்-58களில்தான். டி வகையில் வால் ரோட்டார் மேம்பட்டது என்றாலும் இயற்பியல் மாறவில்லை. மூக்கை 0 என்று வைத்து வலஞ்சுழியாக எண்ணினால், 285 முதல் 315 டிகிரி வரையிலிருந்து, அதாவது இடது முன்புறத்திலிருந்து, வரும் காற்று முதன்மை ரோட்டாரின் நுனிச் சுழலைத் தூக்கி வால் ரோட்டாருக்குள் போடும். 210 முதல் 330 வரையிலான இடப்பக்கக் காற்றில் வால் ரோட்டார் தான் தள்ளிய காற்றையே மறுபடி விழுங்கும். 120 முதல் 240 வரையிலான பின்காற்று, கூரைமேல் காற்றுத் திசை காட்டும் சேவலைத் திருப்புவதுபோல ஹெலிகாப்டரைத் திருப்பப் பார்க்கும். விளைவு ஒன்றே: யாரும் கேட்காமல் மூக்கு வலப்பக்கம் சுழலத் தொடங்கும். உளவு ஹெலிகாப்டர் செய்கிற வேலையை நினைத்துப் பாருங்கள். மெதுவாக, தாழ்வாக, வலப்பக்கம் வட்டமடித்துக்கொண்டு கீழே எதையோ உற்றுப் பார்ப்பது. பாடப்புத்தகம் எதைச் செய்யாதே என்கிறதோ அதுவேதான் பணி. சுழல ஆரம்பித்தால் இடது பெடல் முழுக்க, சைக்ளிக் (ஹெலிகாப்டரைச் சாய்க்கும் கைப்பிடி) முன்னால், உயரம் இருந்தால் கலெக்டிவைக் குறைப்பது. தயங்கினால் இரண்டாவது சுற்றில் பெடலுக்கு மதிப்பில்லாமல் போகும்.

ஆயுதங்களிலும் இதே சிக்கனம். அப்பாச்சி என்ற தாக்குதல் ஹெலிகாப்டரில் விமானி தலையைத் திருப்பினால் பீரங்கி கூடவே திரும்பும். கயோவாவில் துப்பாக்கி உடலோடு இறுகிக் கிடக்கும். சுட வேண்டுமானால் ஹெலிகாப்டரையே இலக்கை நோக்கித் திருப்ப வேண்டும். முன்கண்ணாடியில் கிரீஸ் பென்சிலால் ஒரு குறி வரைந்து அதை வைத்துக் குறிபார்த்த விமானிகள் பலர். கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஒரே ஆசனத்தில், ஒரே உயரத்தில் உட்கார்ந்து, ஒரே கோணத்தில் பாயும் ஒருவருக்கு அந்தக் குறி போதும். ஆசனத்தை ஒரு துளை ஏற்றிவிட்டால் குறி பொய் சொல்லும், அவ்வளவுதான். துப்பாக்கி நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,000 தோட்டா உமிழும். 500 தோட்டா என்பது அரை நிமிடம். ஆகவே சின்னச் சின்னச் சொடுக்குகளாகத்தான் சுடுவார்கள். பின்னுதைப்பு இடப்பக்கத்தில் விழுவதால் மூக்கு இடம் போகப் பார்க்கும். விரல் விசையை அழுத்தும்போதே வலது பெடல் சற்று உள்ளே போயிருக்க வேண்டும். தோட்டாப் பட்டை வழியில் எங்கோ சிக்கினால் அன்றைக்கு அந்தத் துப்பாக்கி அவ்வளவுதான். வெளியே தாங்கியில் இருப்பதைக் கையை நீட்டிச் சரிசெய்ய முடியாது. கதவைக் கழற்றிவிட்டுப் பறந்த குழுவினர் இடது ஆசனத்திலிருந்து கையில் பிடித்த எம்4 ரைஃபிளால் சுட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

ராக்கெட் இன்னும் வம்பானது. 2.75 அங்குல ராக்கெட்டுக்கு வழிகாட்டி கிடையாது. குழலைவிட்டு வந்ததும் வால் இறக்கைகள் விரியும், அது காற்று வரும் திசைக்கு மூக்கைத் திருப்பும். அதனால் சுடும் கணத்தில் ஹெலிகாப்டர் பக்கவாட்டில் சறுக்கினால் ராக்கெட்டும் சறுக்கும். சறுக்கலைக் காட்டும் டிரிம் பந்து நடுவில் இல்லையென்றால் சுடாமலிருப்பதே மேல். ஹோவரில் சுட்டால் வேறு கோளாறு: ரோட்டார் கீழே தள்ளும் காற்றிலிருந்து ராக்கெட்டின் மூக்கு முதலில் வெளியேறிவிடும், வால் மட்டும் இன்னும் அந்தக் காற்றுக்குள் இருக்கும். வால் அழுந்தி மூக்கு எழும், குண்டு இலக்கைத் தாண்டி விழும். முன்னோக்கி ஓடிக்கொண்டே, அல்லது பாய்ந்து இறங்கிக்கொண்டே சுட்டால் கீழ்நோக்கிய காற்று பின்னால் போய்விடும், இந்தத் தொல்லை அடங்கும். ஏழும் போன பிறகு வலப்பக்கம் 160 பவுண்டு குறைந்துவிடும். இடப்பக்கத் துப்பாக்கியின் கனம் அப்படியே. சைக்ளிக் கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்தே நிற்பதைக் கை உணரும்.

இனி அந்த உருண்டை. ரோட்டாரைத் தாங்கும் தண்டான மாஸ்டின் நடுவே வெற்றிடம் இருக்கிறது. அதற்குள் சுழலாத ஒரு குழாய் நிற்கிறது. அதன் உச்சியில் உருண்டை உட்கார்ந்திருக்கிறது. கீழே ரோட்டார் சுற்றினாலும் மேலே அது அசையாததற்குக் காரணம் அவ்வளவுதான். உள்ளே டிவி கேமரா, வெப்பப் படக் கருவி, தூரமளந்து இலக்கைச் சுட்டும் லேசர், இவை மூன்றும் ஒரே புள்ளியைப் பார்க்கின்றனவா என்று சரிபார்க்கும் ஒளிச் சீரமைப்பு. இந்தச் சீரமைப்பைப் பறப்புக்கு முன் செய்யாமல் விட்டால் திரையில் குறுக்குக்கோடு ஓரிடத்தில், லேசர் வேறோரிடத்தில். திரையைப் பார்த்து மட்டும் இந்தத் தவறைக் கண்டுபிடிக்கவே முடியாது, ஏவுகணை விழுந்த இடம்தான் சொல்லும். 8 கிலோமீட்டரில் ஒரு மில்லிரேடியன் கோணப் பிழை 8 மீட்டர்.

மரங்களுக்குப் பின்னால் உடலை மறைத்துக்கொண்டு உருண்டையை மட்டும் காட்டி, வரும் சோவியத் டாங்கிகளைப் பார்ப்பது, பின்னாலிருக்கும் பீரங்கிகளுக்கும் அப்பாச்சிகளுக்கும் லேசரால் சுட்டிக்காட்டுவது. 1983 அக்டோபரில் முதன்முதலாகப் பறந்தபோது திட்டம் இதுதான். ஆயுதம் கிடையாது. 1987இல் பாரசீக வளைகுடாவில் எண்ணெய்க் கப்பல்களை ஈரானியப் படகுகளிலிருந்து காக்க வேண்டி வந்தபோது 15 ஹெலிகாப்டர்களுக்கு அவசர அவசரமாக ஆயுதம் பொருத்தினார்கள். இரவில், கடலுக்கு மேல், கப்பலிலிருந்து. அதிலிருந்து பிறந்ததுதான் கயோவா வாரியர்.

ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் வேலை தலைகீழானது. உருண்டை மேலும் கீழும் சுமார் 30 டிகிரிதான் சாயும். நேர் கீழே, ஒரு சந்துக்குள், ஒரு வாய்க்காலுக்குள் பார்க்க அதால் ஆகாது. அங்கே உணர்கருவி கழற்றிய கதவுவழியே நீட்டிய கழுத்துதான். அப்பாச்சி கிலோமீட்டர் கணக்கில் தள்ளி நின்று பார்க்கும் வேலையை, கயோவா நேற்றைக்கு இல்லாத மண்மேடு இன்றைக்கு ஏன் இருக்கிறது என்று பார்க்கும் அளவுக்குக் கிட்டே போய்ச் செய்தது. எப்போதும் இரண்டு இரண்டாக. முன்னால் போகிறவர் தாழ்வாகப் பார்ப்பார், பின்னால் வருகிறவர் சற்று மேலே நின்று காவல் காத்து ரேடியோவில் பேசுவார். ஒரு ஹெலிகாப்டருக்குள்ளும் அதே ஏற்பாடு: ஒருவர் திரைக்குள் குனிந்தால் மற்றவர் வெளியே பார்த்தே ஆக வேண்டும். "உள்ளே போகிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லாமல் இருவரும் ஒரே நேரத்தில் குனிந்தால் மின்கம்பி பற்றி யாரும் எச்சரிக்க மாட்டார்கள். கம்பி வெட்டிகள் மேலும் கீழும் உண்டு. நல்ல வேகத்தில், ஏறக்குறைய நேராக மோதும் கம்பிக்குத்தான் அவை உதவும்.

இந்த வேலையைப் பகுதிநேரப் படை ஒன்று செய்ய முடியுமா? டென்னசி ராணுவ நேஷனல் கார்டின் 230ஆவது வான் குதிரைப்படையின் 1ஆவது ஸ்குவாட்ரன் செய்தது. 2009இல் ஈராக்குக்கும் போனது. கார்டு என்பது இரண்டு எஜமான்கள் உள்ள படை. சாதாரண நாளில் மாநில ஆளுநரின் கீழ், அழைப்பு வந்தால் அதிபரின் கீழ். இத்தகைய ஸ்குவாட்ரன் ஒன்றின் பொது வடிவம் இது: பத்துப் பத்து ஹெலிகாப்டரோடு டுரூப் எனப்படும் மூன்று பிரிவுகள், மொத்தம் 30. பராமரிப்புக்கு ஒரு டுரூப், எரிபொருளும் வெடிபொருளும் கொண்டுபோக ஒன்று, தலைமைக்கு ஒன்று.

ஹெலிகாப்டருக்கு எடை எப்படியோ, கார்டு விமானிக்கு நேரம் அப்படி. மாதம் ஒரு வார இறுதி, ஆண்டுக்கு ஒரு முறை 15 நாள் முகாம். வருடத்துக்கு 39 நாள். நாலு மணி நேரப் பயிற்சி அலகாக எண்ணினால் வார இறுதிகள் 48 அலகு. அதிலும் தடுப்பூசி, துப்பாக்கிச் சுடும் தேர்வு, கணினியில் முடிக்க வேண்டிய பாடங்கள், அணிவகுப்பு என்று பாதி போய்விடும். பறக்கும் நேரம் கிடைப்பது கூடுதல் பறப்புப் பயிற்சி அலகுகளில்தான்: வேலை முடிந்த வாரநாள் மாலையில் வந்து, குறைந்தது நாலு மணி நேரம், திட்டமிடலும் பறப்பும் திரும்பி வந்து பேசுவதும் சேர்த்து. அதற்கான சம்பளம் பட்ஜெட்டில் ஒதுக்கப்பட வேண்டும். அதை வெட்டினால் விமானியையே வெட்டியதுபோலத்தான். இது வெளியே இருப்பவர்களுக்கு எளிதில் புரிவதில்லை.

ஏனென்றால் தேர்வில் சலுகை கிடையாது. முழுநேர விமானிக்கு உள்ள அதே பணிக் கையேடு, அதே தரம், பிறந்த மாதத்தை ஒட்டிய மூன்று மாதத்துக்குள் அதே ஆண்டுத் தேர்வு. சலுகை கால அவகாசத்தில் மட்டும்: புதிதாக வந்தவர் ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்குப் போக முழுநேரப் படையில் 90 நாள், கார்டில் ஒரு வருடம். இருளில் பார்க்க உதவும் இரவுக் கண்ணாடிக்கு இந்த அவகாசமும் இல்லை. 60 நாளுக்குள் ஒரு மணி நேரமாவது இரவுக் கண்ணாடியோடு பறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தகுதி காலாவதி, பயிற்றுநரோடு மீண்டும் பறந்து காட்ட வேண்டும். மாதம் ஒரு வார இறுதிப் பயிற்சி வைத்துக் கணக்குப் போடுங்கள். ஒரு மாதம் மேகம், அடுத்த மாதம் உதிரிப்பாகம் வரவில்லை, தகுதி போயிற்று. அதுவும் ஒருவருக்கு மட்டும் போகாது. பயிற்றுநருக்கே போய்விட்டால் யார் யாருக்குத் தேர்வு வைப்பது? கோடையில் இன்னொரு தொல்லை, இருட்டுவதே தாமதம். நாளைக்குக் காலை எட்டு மணிக்கு வேலைக்குப் போக வேண்டியவர் நள்ளிரவுக்கு மேல் தரையிறங்குவார். ஓய்வு நேர விதி இந்தப் பக்கம் இழுக்கும், சொந்த வேலை அந்தப் பக்கம் இழுக்கும். அட்டவணை போடும் செயல்பாட்டு அலுவலர்தான் என் கணக்கில் இத்தகைய ஸ்குவாட்ரனின் முக்கியமான ஆள்.

கார்டின் பலம் வேறிடத்தில். ஆட்கள் மாறுவதில்லை. முழுநேரப் படையில் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை எல்லோரும் இடம் மாறுவார்கள். கார்டில் ஒரே விமானி அதே ஹேங்கரில் பதினைந்து இருபது வருடம் இருப்பார். பழுதுபார்க்கும் டெக்னீசியன் வாரநாளில் அரசுப் பணியாளர், வார இறுதியில் அதே ஹெலிகாப்டரின் ராணுவச் சார்ஜென்ட். எந்த வால் எண் எந்த வேகத்தில் அதிரும், எதில் வெப்பக் கருவி குளிர நேரம் எடுக்கும் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருக்கும். மணல் நாட்டில் பறந்து வந்த என்ஜினின் கம்ப்ரஸர் இதழ்கள் தேய்ந்திருப்பதை முதலில் சொல்வது கருவி அல்ல. "இது போன மாதத்தைவிடச் சூடாக ஓடுகிறது" என்று பதிவேட்டைப் புரட்டும் அந்த ஆள்தான். கம்ப்ரஸரைக் கழுவிப் பார்ப்பார், வெப்பம் இறங்கினால் அழுக்கு, இறங்காவிட்டால் தேய்மானம்.

வருடாந்திர முகாமின் 15 நாளில் பெரும்பகுதி சுடுதளத்துக்கும், முன்கள எரிபொருள் நிரப்பும் இடத்துக்கும் போகும். இரண்டாவது உண்மையிலேயே கற்க வேண்டிய கலை. என்ஜின் ஓடிக்கொண்டே நிரப்புவார்கள், வரிசை மாறக் கூடாது. தீயணைப்பான் வெளியே, ஹெலிகாப்டருக்குத் தரை இணைப்பு, பிறகு குழாய்மூக்குக்கும் ஹெலிகாப்டருக்கும் இணைப்புக் கம்பி, அதற்குப் பிறகுதான் மூடியைத் திறப்பது. முடிந்ததும் இதே வரிசை தலைகீழாக. கம்பிக்கு முன் மூடியைத் திறந்தால் நிலைமின் பொறி விழ ஆவி காத்திருக்கும். ஆயுதம் ஏற்றும்போது மூக்கு ஆளில்லாத திசையைப் பார்க்க வேண்டும், ஆயுத விசைகள் அணைந்திருக்க வேண்டும், விமானிகளின் கைகள் கண்ணுக்குத் தெரிய வேண்டும், பாதுகாப்பு ஊசிகள் போடப்பட வேண்டும். ராக்கெட்டைத் தொடும் முன் குழலின் மின்தொடர்பில் கசியும் மின்னழுத்தம் இருக்கிறதா என்று மீட்டரில் பார்க்க வேண்டும், ஒவ்வொரு குழலுக்கும். நேரமாகிறது என்று முதல் குழலை மட்டும் பார்த்துவிட்டு மற்றதை விடுகிற பழக்கம் முகாமின் பத்தாம் நாளில் எட்டிப்பார்க்கும். கூட்டின் நேர் முன்னாலும் நேர் பின்னாலும் யாரும் நிற்கக் கூடாது. சுடாமல் தங்கிவிட்ட ராக்கெட்டும் முன்னால்தான் போகும், அதன் நெருப்பு பின்னால்தான் வரும்.

2014இல் ராணுவம் வான்பிரிவு மறுசீரமைப்பை அறிவித்தது. கயோவா வாரியர் முழுக்க ஓய்வு. அதன் இடத்தில் அப்பாச்சியும் ஆளில்லா ஷேடோ விமானமும். கார்டிலிருக்கும் அப்பாச்சிகளும் முழுநேரப் படைக்கு, பதிலுக்குக் கார்டுக்குத் துருப்புகளைச் சுமக்கும் பிளாக் ஹாக். மாநிலங்கள் சும்மா இருக்கவில்லை. நாடாளுமன்றம் அமைத்த ராணுவ எதிர்கால ஆணையம் 2016 ஜனவரியில், கார்டில் நான்கு அப்பாச்சிப் பட்டாலியன்கள் இருக்கட்டும், ஒவ்வொன்றுக்கும் 18 ஹெலிகாப்டர் என்று பரிந்துரைத்தது. கயோவாவைக் காப்பாற்ற யாரும் இல்லை. காப்பாற்ற அதிகம் காரணமும் இல்லை என்றே சொல்வேன். என்ஜினுக்கும் எடைக்கும் இடையே இடமே மிஞ்சாத ஹெலிகாப்டருக்கு எதைப் பொருத்தினாலும் எதையாவது கழற்ற வேண்டும். தவறு அதை விட்டதில் இல்லை, அதற்கு மாற்று வாங்காமல் விட்டதில்தான். கமான்ச்சி 2004இல் ரத்து, அராப்பஹோ 2008இல் ரத்து, அடுத்த உளவு ஹெலிகாப்டர் திட்டமும் 2024 பிப்ரவரியில் ரத்து. உச்ச எடை பத்து டன்னைத் தாண்டும் அப்பாச்சியை வைத்து இரண்டரை டன் வேலையைச் செய்கிறார்கள்.

ஓய்வு பெற்றவற்றில் 16 குரோஷியாவுக்கும் 70 கிரீஸுக்கும் போயின. டென்னசி ஸ்குவாட்ரன் பிளாக் ஹாக் பட்டாலியனானது. கயோவாவில் இருவராய்ப் பறந்தவர்களுக்கு இப்போது பின்னால் இரண்டு குழு உறுப்பினர்கள், தலைக்கு மேல் இரண்டு என்ஜின், உள்ளே பதினொரு துருப்புகள். டார்க் முள்ளை முன்போல அஞ்சிப் பார்க்க வேண்டியதில்லை. அறுபது நாள் இரவுக் கணக்கு மட்டும் அப்படியே இருக்கிறது.